கடவுள்மீது கோபமா, சுவர்மீது கோபமா?



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் கொல்லப்பட்டார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில் அவர்கள் உயிர் போனது. அவர்களின் நினைவில்தான் இங்கே கூடியிருக்கிறோம். ஒரு பெயர் பைபிளிலிருந்து வந்தது, மற்றொன்று திருப்பதி மலையிலிருந்து வந்தது. தோட்டா இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படி ஒன்றாக விழுந்தவர்களின் நினைவு நாளில் பேசுவதற்குப் பொருத்தமான கேள்வி ஒன்று நம் பகுதியில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் சுற்றுவட்டாரக் காலனிகளில் வேலை செய்யும் நம் இளைஞர்களிடம் ஜெபக்கூட்டத்துக்குப் போகும் அக்காமார்கள் கேட்கிறார்கள்: "ஏன் தம்பி, சாமியே இல்லைங்கிற. அப்புறம் ஆண்டவர் மேல எதுக்கு இவ்வளவு கோவம்?" அதே இளைஞரை டீக்கடையில் வேறொருவர் மடக்குகிறார்: "ஏம்பா, புள்ளையாரைத்தான் கிண்டல் பண்ணுவீங்க. சர்ச் பக்கம் போனா வாயையே திறக்க மாட்டீங்களே?" ஒரே ஆள்மீது எதிரெதிரான இரண்டு குற்றச்சாட்டுகள். கிறித்தவத்தை வெறுக்கிறார் என்பது ஒன்று, கிறித்தவத்துக்கு ஆள் பிடிக்கிறார் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. நம்பிக்கை இல்லாதவர்களின் கோபம் உண்மையில் எங்கே போய்ச் சேருகிறது என்று நிதானமாகப் பார்ப்போம்.

கடவுளைத் திட்டுவது யார்?

கடவுளோடு சண்டை போடுவதற்கு முதலில் கடவுள் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று "உனக்குக் கண்ணு இருக்கா?" என்று மண்ணை வாரித் தூற்றியவர்கள் நம் பாட்டிகள். அவர்கள் யாரும் நாத்திகர்கள் இல்லை. காளமேகம் இறைவனை ஏசுவதுபோலப் பாடியதை நிந்தாஸ்துதி என்று பெயர் வைத்துப் பாடமாகப் படிக்கிறோம். பைபிளில் யோபு தனக்கு நேர்ந்த அநியாயத்துக்குக் கடவுளிடமே வழக்காடுகிறார். தன்னை ஏன் கைவிட்டீர் என்று சிலுவையிலிருந்து இயேசுவே கேட்டதாகச் சுவிசேஷம் சொல்கிறது. கடவுள்மீது கோபம் என்பது நம்பிக்கையின் வீட்டுக்குள் நடக்கும் சண்டை.

அமெரிக்க உளவியலாளர் ஜூலி எக்ஸ்லைனும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு வழியில் காட்டியது. நோய், சாவு, இழப்பு நேரங்களில் கடவுள்மீது கோபப்படுவது நம்பிக்கையுள்ளவர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒன்று. நம்பிக்கையை விட்டவர்களிலும் சிலருக்கு அந்தப் பழைய கோபத்தின் தழும்பு இருக்கிறது. சிறு வயதிலிருந்து ஞாயிறு பள்ளிக்குப் போய், பிறகு விலகிய நம் பிள்ளைகள் சிலரிடம் அதைப் பார்க்கிறோம். அந்தத் தழும்பை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து இறைமறுப்பு முழுவதையும் விளக்கிவிட முடியாது.

பகத்சிங் லாகூர்ச் சிறையில் 1930இல் தன் நாத்திகம் பற்றி எழுதியது ஏறக்குறைய இதே கேள்விக்கான பதில்தான். அகம்பாவத்தால்தான் அவர் கடவுளை மறுக்கிறார் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். யோசித்துத்தான் அந்த முடிவுக்கு வந்தேன் என்று அவர் படிப்படியாக விளக்கினார். அந்தக் கட்டுரையை 1930களிலேயே ப. ஜீவானந்தம் தமிழாக்கினார்.

நம் மாவட்டத்தின் கடன்

இனி கிறித்தவத்துக்கு வருவோம். இந்தப் பகுதியின் வரலாற்றைத் தெரிந்த தலித் ஒருவர், நம்பிக்கை இல்லாதவரானாலும், கிறித்தவத்தை வெறும் எதிரியாகப் பார்க்க முடியாது. அதற்குக் காரணம் நிலம்.

இன்றைய ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. அங்கே மிராசு முறை நடந்தது. ஊர்ப் புறம்போக்குத் தரிசை ஒரு பறையர் தர்க்காஸ்து போட்டுக் கேட்டால், மிராசுதார் முன்னுரிமை கேட்டுத் தடுத்துவிடுவார். சேரியில் குடிசை நிற்கும் மனைகூட மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான். ஸ்காட்லாந்து சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் வில்லியம் கவுடி போன்ற மிஷனரிகள் இந்த முடிச்சைக் கண்டார்கள். மனு எழுதிக் கொடுத்தார்கள், அதிகாரிகளிடம் வாதாடினார்கள். 1891இல் மாவட்ட ஆட்சியர் டிரமென்கீர் செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது அதிலிருந்து பிறந்ததுதான். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் அப்படி ஒதுக்கப்பட்டதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. தலித் அல்லாதவருக்கு அதை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எப்படி மீறப்பட்டது என்பதைக் காரணை சொல்லும்.

மிஷனரிகள் ஆத்தும அறுவடைக்காகத்தான் வந்தார்கள் என்று சிலர் சொல்வார்கள். வந்திருக்கலாம். ஆனால் மனு எழுதத் தெரியாதவனுக்கு மனு எழுதிக் கொடுத்தது நடந்த காரியம். அவர்களுடைய கடவுளை ஏற்காமலே அந்தக் காரியத்துக்கு நன்றி சொல்ல முடியும். நாம் சொல்கிறோம்.

சண்டை தொடங்கும் இடம்

கடன் இருக்கும் இடத்தில்தான் கணக்கும் கேட்கப்படும். சேரியைத் தேடி வந்த மதம், வந்த பிறகு சாதியை என்ன செய்தது?

அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழில் இந்துக்களை மட்டும் விமர்சிக்கவில்லை. சாதியை மடியில் கட்டிக்கொண்டே கிறித்தவரானவர்களையும், அவர்களைக் கண்டிக்காத பாதிரிமார்களையும் கடுமையாகக் கேட்டார். அவர் பௌத்தர். அம்பேத்கர் தீண்டப்படாதோரின் கிறித்தவ மதமாற்றம் பற்றித் தனியாகவே எழுதினார். மதம் மாறியவருக்குத் திருச்சபை என்ன பாதுகாப்புத் தந்தது என்பது அவர் கேள்வி. அவரும் 1956 அக்டோபர் 14 அன்று பௌத்தத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். இருவரும் கிறித்தவத்தை வெறுத்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கேட்டது கணக்கு.

கேட்பதற்கு நிறையவே இருந்தது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட கத்தோலிக்கக் கோயில், சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார வசதியாக, கால்சட்டைபோல இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டது. பீடம் ஒன்று, கூடம் இரண்டு. 1910இல் பாதிரியார் ஒருவர் முன்னின்று அந்தத் தடுப்பை இடித்தார். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில், செத்த பிறகும் கலந்துவிடாமல் இருக்கச் சுவர் நின்றது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022இல்தான் உயர்த்தப்பட்டார்.

இந்தக் கணக்கை உரக்கக் கேட்டவர்களில் பலர் நம்பிக்கையாளர்கள். பாமா கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கே சாதியையும் ஏழைகளிடமிருந்து விலகிய வாழ்க்கையையும் பார்த்து வெளியேறினார். 1992இல் 'கருக்கு' வந்தது. அதில் இருப்பது நாத்திகம் இல்லை. ஏமாற்றப்பட்ட நம்பிக்கையின் குரல். அதை முதலில் வெளியிட்டதும் மதுரையில் இயேசு சபையினர் நடத்திய மையமே. திருச்சபைக்கு எதிரான கோபம் கடவுளுக்கு எதிரான கோபம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம் இலக்கியத்தில் கிடையாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சுவர் இடிந்தால் போய்விடும் கோபம் சுவர்மீதான கோபம்தான். இடிந்த பிறகும் அந்த மக்கள்மீது மிச்சமிருப்பதுதான் வெறுப்பு. நம்பிக்கை இல்லாத யாரையும், நம்மையும் சேர்த்து, இந்த உரைகல்லில் உரசிப் பார்க்கலாம்.

கிறித்தவத்தைத் தொடாதவர்களா?

டீக்கடைக் குற்றச்சாட்டுக்கு வருவோம். தமிழ் நாத்திகர்கள் கிறித்தவத்தைத் தொட்டதே இல்லையா?

சென்னையில் 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற நாத்திக இதழ் தமிழில் வந்தது. பேராசிரியர் வீ. அரசு அதைத் திரட்டிப் பதிப்பித்திருக்கிறார். அந்த இதழ் இந்து மதத்தோடு கிறித்தவத்தையும் எதிர்த்து வாதம் செய்தது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927இல் லண்டனில், தான் ஏன் கிறித்தவன் அல்ல என்று ஆற்றிய உரையைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழில் பரப்பினார்கள். கிறித்தவரான பின்னும் பறையர் பறையராகவே நடத்தப்படுவதைப் பெரியார் சுட்டிக்காட்டினார். அதே பெரியார் 1947இல் திருச்சியில், இன இழிவு நீங்க இஸ்லாமே நல்ல மருந்து என்று பேசினார். கடவுளே இல்லை என்றவர் ஒரு மதத்தை மருந்தாகச் சொன்னார். அவர் அளவுகோல் வானத்தில் இருந்தால் இப்படிப் பேசியிருக்க முடியாது. மனிதனுடைய இழிவு போகுமா போகாதா என்பதே அவர் பார்த்தது.

ஆபிரகாம் கோவூரை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். திருவல்லாவில் மார்தோமா சபைப் பாதிரியாரின் மகனாக 1898இல் பிறந்தவர். இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராகத் தொடங்கியவர். அற்புத சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். சவால் எல்லா மதத்தாருக்கும் பொதுவானது. 1978இல் இறந்தபோது அவர் உடல் மருத்துவக் கல்விக்குப் போனது.

2012இல் மும்பையில் வேளாங்கண்ணி மாதா பெயரிலான ஓர் ஆலயத்தில், இயேசு சொரூபத்திலிருந்து நீர் சொட்டுவதாகக் கூட்டம் கூடியது. பகுத்தறிவாளர் சனல் இடமருகு போய்ப் பார்த்தார். பக்கத்தில் அடைபட்ட வடிகால் நீர் சுவர் வழியாக ஊறி ஏறுகிறது என்று காட்டினார். அந்த நீரை மக்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். மத உணர்வைப் புண்படுத்தியதாக 295ஏ பிரிவில் புகார்கள் பதிவாயின. அவர் நாட்டைவிட்டே வெளியேறி பின்லாந்து போனார். அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று எச்சரிப்பது கிறித்தவர்கள்மீதான வெறுப்பா, அக்கறையா? அவரவரே முடிவு செய்துகொள்ளலாம்.

வெறுப்பு எங்கிருந்து வருகிறது

இந்த நாட்டில் கிறித்தவர்கள்மீது வெறுப்பே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு மகன்களும் வண்டிக்குள் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். 2008இல் கந்தமாலில் வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. எரித்தவர்கள் கடவுள் இல்லை என்று சொன்னவர்கள் அல்ல. 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் அவசரச் சட்டமாக வந்தது. தலித்தும் பெண்ணும் மதம் மாறினால் அது ஆசைகாட்டலாகத்தான் இருக்கும் என்ற பார்வை அதில் இருந்தது. அதை எதிர்த்து நின்றவர்களில் கிறித்தவர்களோடு பெரியாரியர்களும் தலித் இயக்கங்களும் உண்டு. 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது. ஒருவன் எந்தக் கடவுளையும் கும்பிடாமல் இருக்கும் உரிமையும், அவன் அண்டை வீட்டுக்காரர் தனக்குப் பிடித்த கடவுளை மாற்றிக்கொள்ளும் உரிமையும் ஒரே உரிமைதான்.

இதில் நம் பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. "அரிசி மூட்டைக்கு மதம் மாறியவர்கள்" என்ற ஏளனத்தைப் பகுத்தறிவு என்று நினைத்து நம் இளைஞர்கள் சிலர் திருப்பிச் சொல்கிறார்கள். அது ஆதிக்க சாதியின் ஏளனம். பட்டினி கிடந்தவன் அரிசியை ஏற்றான் என்பதில் வெட்கப்பட வேண்டியவன், அவனைப் பட்டினி போட்டவன். ஒரு கொள்கையை எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். கும்பிடும் கைகளைக் கேலி செய்யத் தொடங்கும்போது, நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பதே மாறிவிடுகிறது.

சான்றிதழுக்குத் தெரியாத நம்பிக்கை

நம்மில் நம்பிக்கை உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே கயிற்றில் கட்டும் விஷயம் ஒன்று தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறித்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர் வழக்கு 1985இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தெருவோரச் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. இந்து ஆதிதிராவிடருக்குக் கிடைத்தது, கிறித்தவராக மாறிய சூசைக்குக் கிடைக்கவில்லை. அதே தெரு, அதே தோல், அதே ஊசி. மதம் மாறிய பிறகும் அதே அளவுக்குக் கொடுமை தொடர்கிறது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளினார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்த மதத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றொரு ஆணையம் அமைந்தது.

இப்போது நம்பிக்கை இல்லாதவரை இந்தச் சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். இந்து ஆதிதிராவிடர் குடும்பத்தில் பிறந்து கடவுளை மறுப்பவரை, கோயிலுக்குப் போகிறாயா என்று தாசில்தார் கேட்பதில்லை. காகிதத்தில் அவர் இந்து, பட்டியல் சாதி. கிறித்தவத் தலித் குடும்பத்தில் பிறந்து கடவுளை மறுப்பவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் நம்பிக்கையை விட்டது போதாது. தாய்மதம் திரும்பியதையும் சாதியார் ஏற்றுக்கொண்டதையும் காட்ட வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அதாவது, ஒரு கடவுளை விட்டவர் சலுகைக்காக இன்னொரு கடவுளைக் கும்பிட்டுக் காட்ட வேண்டும். இரண்டு நாத்திகர்கள், ஒரே சேரி, ஒரே சாதி, இரண்டு சான்றிதழ். அரசு எண்ணுவது நம்பிக்கையை அல்ல, பிறந்த வீட்டின் பெயர்ப் பலகையை. மூன்றாம் பத்தியை நீக்கு என்ற தலித் கிறித்தவர்களின் கோரிக்கை, அதனால் நம்பிக்கை இல்லாதவர்களின் கோரிக்கையும் ஆகிறது.

கம்பெனி வாசலில்

இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் கார் ஓடத் தொடங்கியதிலிருந்து இந்த மண்ணின் முகம் மாறிவிட்டது. பட்டா இருந்தவர் நிலத்துக்கு இழப்பீடு வாங்கினார். பட்டா இல்லாமல் அதே நிலத்தில் உழைத்தவர்களுக்குப் பெரும்பாலும் கான்ட்ராக்ட் வேலைதான் மிஞ்சியது. ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், செக்யூரிட்டி, லோடிங். கம்பெனி பஸ் போகும் சாலையோரம் ஷட்டர் போட்ட கடை அறைகளில் ஜெப வீடுகள் முளைத்தன. அங்கே வரும் ஜெப விண்ணப்பங்களைக் கவனித்திருக்கிறோம். வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும், ஷிப்ட் மாற வேண்டும், ஞாயிறு ஓவர்டைம் இல்லாமல் சபைக்கு வர வேண்டும். இவை தொழிற்சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலும்தான்.

இங்கே நமக்கு உண்மையான மாறுபாடு உண்டு. பெர்மனென்ட் ஆகாததற்குக் காரணம் விசுவாசக் குறைவு என்று பிரசங்கம் செய்கிறவரோடு நாம் வாதிடுவோம். காரணம் கான்ட்ராக்ட் முறை. ஆனால் அந்த வாதத்தை அந்த அக்காவின் ஜெபத்தைக் கிண்டல் செய்து நடத்த முடியாது. நைட் ஷிப்ட் முடிந்து வரும் பெண்ணின் பெயரைக் கேட்டு, அவளுக்காகப் பத்துப் பேர் அழுது ஜெபிக்கும் இடம் அது ஒன்றுதான் என்றால், அது நம் சங்கங்களும் மன்றங்களும் யோசிக்க வேண்டிய செய்தி.

ஆயுத பூஜை நாளில் எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மெஷினுக்குச் சந்தனம் வைத்துத் தேங்காய் உடைக்கும்போது ஓரமாக ஒதுங்கி நிற்பவர்கள் சிலர் இருப்பார்கள். ஒருவர் பெந்தெகொஸ்தே, ஒருவர் முஸ்லிம், ஒருவர் பெரியாரியர். காரணம் வேறு வேறு, நிற்கும் இடம் ஒன்று. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த முதன்மைக் கோரிக்கை, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். அதற்கு மதம் கிடையாது.

ஆகவே, அக்காவின் கேள்விக்கு நம் பதில் இதுதான். ஆண்டவர்மீது எங்களுக்குக் கோபம் இல்லை, அக்கா. இல்லாத ஒருவர்மீது கோபப்பட எங்களால் முடியாது. கல்லறைத் தோட்டத்துச் சுவர்மீது கோபம் உண்டு, அதை இடிக்க உங்கள் சபைக்குள் நீங்கள் எழுந்து நிற்கும் நாளில் வெளியே நாங்கள் நிற்போம். சூசைக்குக் கடை கொடுக்காத காகிதத்தின்மீது கோபம் உண்டு, அதை மாற்ற உங்களோடு வருவோம். பதிலுக்கு ஒன்று கேட்கிறோம். எங்களைப் பிசாசு பிடித்தவர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். எங்களில் ஒருவர் செத்தால், அவர் விரும்பியபடி சடங்கும் ஜெபமும் இல்லாமல் அடக்கம் செய்ய விடுங்கள். நீங்கள் உங்கள் வீட்டில் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டால் அதற்கு எங்களுக்கு மறுப்பில்லை.

ஜான் தாமஸும் ஏழுமலையும் கேட்ட நிலம் இன்னும் முழுதாக மீட்கப்படவில்லை. மீட்கும் வரிசையில் யார் கும்பிடுகிறார், யார் கும்பிடவில்லை என்று பார்த்து ஆள் பிரிக்க நமக்கு நேரமில்லை.